புகையக்காவின் சீட்

குளிர்காலத்தில் அந்த லாரி ஸ்டாண்டுக்குள் இருந்து யாராவது இருமிக்கொண்டே வெளியே வந்தால், புகையக்கா வண்டியைக் கிளப்பிவிட்டாள் என்று அர்த்தம். டீக்கடைக்காரர் அவசர அவசரமாக டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பார். மாடியில் துணி காயப்போட்டவர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு புகை, கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், எரியாத டீசல் வாடை குப்பென்று அடிக்கும். ஸ்டாண்டை மூடி, மதிலைத் தாண்டி, எதிரே இருந்த மர அறுவை மில்லின் கேட் வரைக்கும் போய்த்தான் கலையும். அத்தனைக்கும் நடுவில், கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள் அவள்.

பெயரை வைத்தது ஸ்டாண்டுக்காரர்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அழுவாள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள் பெயிண்டரைக் கூப்பிட்டு, வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே அந்தப் பெயரையே சிவப்பில் எழுதச் சொன்னாள். பெரிய எழுத்தில், தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி. அதற்கப்புறம் கூப்பிட்டவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அவள் வண்டி ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவள் கணவனுக்குச் சரியான கிளீனர் அமையவில்லை. ஒருவன் தூங்கினான், ஒருவன் திருடினான், ஒருவன் இரண்டையும் செய்தான். பிள்ளை குட்டியும் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு ரோட்டைப் பார்க்கலாமே என்று இவள் ஏறி உட்கார்ந்தாள். தார்ப்பாய் கட்டினாள், டயருக்குக் கட்டை வைத்தாள், இருட்டில் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்தினாள். அவருக்குத் தூக்கம் வந்தபோது, ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், ஸ்டியரிங்கையும் பிடித்தாள். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில், "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். "வண்டியில தூங்கறார். அவரை இங்க ஓட்டிட்டு வந்ததே நான்தான்," என்றாள்.

ஆனால் ஒரு ஏற்பாடு இருந்தது. ஊர் நெருங்கும்போது, முதல் விளக்குக் கம்பம் கண்ணில் பட்டதும், இடம் மாறிக்கொள்வார்கள். அவர் ஸ்டியரிங்குக்கு வருவார், இவள் கதவோரம் நகர்ந்துவிடுவாள். யாரும் யாருக்கும் அப்படிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வருவதா என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கும். நல்ல மனுஷர்தான். சத்தம் போட்டுப் பேசியதில்லை, கையை ஓங்கியதில்லை. முதல் வாய் டீயை அவளிடம்தான் கொடுப்பார். இருந்தாலும் அந்த விளக்குக் கம்பம் விளக்குக் கம்பம்தான்.

வண்டி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சொந்தம், ஆளுக்குப் பாதி. தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், மர மில்லில் லோடு பார்க்கிற வேலையில் இருந்தான். தலை கலையாமல், சட்டை கசங்காமல் லாரித் தொழில் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. அவனுக்கு வாய்த்திருந்தது. மரியாதை தெரிந்தவன் வேறு. வார்த்தைக்கு வார்த்தை "அண்ணி, அண்ணி" என்பான். மரியாதையை வாரி வாரிக் கொடுப்பான். இடத்தைத்தான் கொடுக்க மாட்டான்.

புகையின் கதை தொடங்கியது போன குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜினுக்குள் எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் பீச்ச வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பம்பு அது. ஸ்டாண்டு மூலையில் ஷெட் போட்டிருந்த பம்பு மேஸ்திரிதான் கழற்றினார், அவரே மாட்டினார். வெயில் இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல் பனி விழுந்த காலையில் வண்டி கிளம்ப மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. அவள் கணவன் ஸ்டார்ட் அடிப்பதும், இறங்கிப் போய்ப் பார்ப்பதும், திரும்ப ஏறுவதுமாக இருந்தார். படியில் பனி உறைந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு தடவை இறங்கும்போது கால் வழுக்கிக் கல்தரையில் விழுந்தார், இடுப்பெலும்பு போயிற்று. அப்புறம் அவர் உலகம் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையும், கட்டிலும், வண்டிகள் தெரிகிற ஒரு ஜன்னலும் என்று ஆகிவிட்டது.

கொழுந்தன் ஆள் போட்டான். வந்தவர் பேட்டரி சாகிற வரை ஸ்டார்ட் அடித்தார். அடுத்து வந்தவர் இன்ஜினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டினார். வண்டி சூடாகவில்லை, ஒயர் வெந்தது. ஒவ்வொரு நாளும் ஸ்டாண்டில் இருந்தவர்கள் கூடித் தள்ளினார்கள், ஒவ்வொரு நாளும் லோடு கை மாறிப் போயிற்று. இவள் இந்தக் கூத்தை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலை, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் போய், வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்து, "இறங்குங்க," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அவர் இறங்கிவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ குளிர்காலம் பார்த்தவள். அவளுக்கு அந்த இன்ஜினின் குணம் அத்துப்படி. டேஷ்போர்டில் இருக்கிற கை ஆக்சிலேட்டர் குமிழைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே இழுத்தாள். கொஞ்சமாக ஸ்டார்ட் அடித்து நிறுத்தினாள். மூச்சு விட நேரம் கொடுத்தாள். திரும்ப அடித்தாள், நிறுத்தினாள். இரண்டு சிலிண்டர் மட்டும் பிடித்து, வண்டி நொண்டி நொண்டி உதறியபோது, எல்லோரும் செய்கிற தப்பை அவள் செய்யவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. உதறட்டும் என்று விட்டாள். குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு சிலிண்டராக எழுப்பினாள். ஸ்டாண்டே புகையில் மறைந்தது. புகைக்குள் இருந்து ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

இப்படித்தான் அவளுக்கு அந்த சீட் கிடைத்தது. கொழுந்தன் மெச்சினான். "இந்தக் குளிர்காலம் முடியற வரைக்கும் பார்த்துக்குங்க அண்ணி. அப்புறம் யோசிப்போம்," என்றான். வேறு யாராலும் கிளப்ப முடியாத வண்டி, அதனால் அவள் ஓட்டலாம். அவளும் அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு விளக்குக் கம்பம் வந்தபோது இடம் மாற ஆள் இல்லை. ஊருக்கு நடுவில், கடைத்தெரு வழியாக, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வந்தாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். பார்க்காதவர்களுக்கு ஹாரன் அடித்துக் காட்டினாள்.

குளிர்காலம் போய், வெயில் வந்து, அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். புகையும் வந்துகொண்டிருந்தது.

அந்தப் புகையை அவள் சகித்துக்கொண்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டாலும் உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தாள். கணவனைப் படியில் இருந்து தள்ளிவிட்டது அந்தப் புகைதான் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். பம்பு மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, டைமிங் பிந்திக் கெடக்கு. நீங்க பம்பை மாட்டின நாள்லேர்ந்துதான் இந்தக் கூத்து."

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டைமிங் என்பது பிஸ்டன் மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டீசல் உள்ளே விழ வேண்டிய நேரம். பிந்தி விழுந்தால் குளிர்ந்த இன்ஜினில் எரியாது, வெள்ளைப் புகையாக வெளியே போகும். இது அவருக்குத் தெரியாதா?

"இன்ஜின் முன்னாடி புல்லியில மார்க் இருக்கு. எதிர்ல முள் இருக்கு. மார்க்குக்கு மார்க் வெச்சு மாட்டினேன். வேணும்னா நீயே வந்து பாரு. தலைகீழா நின்னு பாத்தாலும் மார்க் மார்க்தான்."

"மார்க் சரியா இருந்தா புகை ஏன் வருது?"

"இன்ஜின் கெழடாயிடுச்சு தங்கச்சி. கம்ப்ரஷன் இல்ல. மனுஷனுக்கு வயசானா மூட்டு பிடிக்கலையா, அது மாதிரி."

"பம்பைக் கழட்டறதுக்கு முந்தின நாள் குமரியா இருந்தது, மாட்டின மறுநாள் கெழவி ஆயிடுச்சாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரித்தார்கள், ஆனால் மேஸ்திரி தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் டயரைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார்.

கடைசியில் அவளே கையை வைத்தாள். லோடு இல்லாத ஒரு நாள், மதியம், பானட்டைத் திறந்து பம்பைப் பிடித்திருந்த நட்டுகளைத் தளர்த்தினாள். பம்பின் உடம்பை லேசாக முன்னுக்குத் திருப்பி, நட்டை முடுக்கி, கிளப்பிப் பார்த்தாள். வித்தியாசம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் நன்றாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெயிக்கிற சந்தோஷத்தில் கை நிற்குமா? இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இந்தத் தடவை ஸ்டார்ட் அடித்ததும் இன்ஜின் ஒரு உதை உதைத்தது. அப்புறம் டக டக டகவென்று, உள்ளே யாரோ சுத்தியலோடு மாட்டிக்கொண்ட மாதிரி அடிக்க ஆரம்பித்தது.

மேஸ்திரி ஷெட்டில் இருந்து பாதி ரொட்டியோடு ஓடி வந்தார். "நிறுத்து! நிறுத்து! இன்ஜினைக் கொன்னுடுவே!" என்று கத்திக்கொண்டே வந்து, இன்ஜினை நிறுத்துகிற குமிழைத் தானே இழுத்தார். பேச்சு இல்லை என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. "இவ்வளவு முந்தித் தள்ளியிருக்கியே, பிஸ்டன் ஓட்டையாயிடும். அறிவிருக்கா உனக்கு?"

"இருக்கு. புகை வரல பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். உண்மையிலேயே வரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இரு. இன்னிக்கு உன் வாயை அடைக்கறேன்," என்று முதல் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக ஒரு நீளக் கம்பியைப் பிஸ்டன் மேல் நிற்கிற மாதிரி இறக்கினார். இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னார். கம்பி மெல்ல மெல்ல மேலே ஏறியது, நின்றது, இறங்கத் தொடங்கியது. பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்புகிற இடம் அது. அந்த இடத்தில் புல்லியின் மார்க் முள்ளுக்கு நேரே நிற்க வேண்டும். குனிந்து பார்த்தார்.

மார்க் அங்கே இல்லை. முள்ளை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

மேஸ்திரி திரும்பச் சுற்றச் சொன்னார். திரும்பவும் அதே இடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் புல்லியைக் கையால் தடவினார். அது இரண்டு வளையங்களாலானது. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருந்தது. ரப்பர் வெடித்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. வெளி வளையம் எப்போதோ வழுக்கி நகர்ந்துவிட்டது, கூடவே அதன் மேல் இருந்த மார்க்கும் நகர்ந்துவிட்டது. பம்பைக் கழற்றாத வரைக்கும் அதனால் ஒன்றும் கெடவில்லை. பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கழற்றி, மார்க்கை நம்பி மாட்டிய அன்றைக்குத்தான் டைமிங் பிந்திப் போயிற்று.

"அடப்பாவி," என்றார் மேஸ்திரி புல்லியைப் பார்த்து. "உன்னை நம்பித்தானேடா வெச்சேன்." அதை இரண்டு அடி அடித்துவிடுவார் போல் இருந்தது. அப்புறம் அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் எதை நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பனி உறைந்த படியை நினைக்கிறார்.

"நீங்க மார்க்குக்கு மார்க்தான் வெச்சீங்க," என்றாள் அவள். "தப்பு உங்களோடது இல்ல." அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார், இப்போது ஒரு ரப்பர் வளையத்தைத் திட்ட வேண்டியதாகிவிட்டது.

மேஸ்திரி அன்றைக்கே வேறு புல்லி தேடிப்பிடித்து மாட்டினார். உச்சியைக் கம்பியால் பார்த்து, புதிதாக மார்க் போட்டு, பம்பை இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அவள் திருப்பியது முக்கால்வாசி சரி, கால்வாசி அதிகப்பிரசங்கித்தனம் என்று தீர்ப்பும் சொன்னார்.

மறுநாள் காலையில் முன்கண்ணாடி முழுக்கப் பனிப்பூச்சு. அவள் குமிழை லேசாக இழுத்து, ஸ்டார்ட்டைத் தொட்டாள். தொட்டதுதான் தெரியும். ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சில் எழுந்துகொண்டன. வண்டி நகராமல், இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு நிதானமாக ஐடிலில் ஓடியது. புகைக்குழாயில் இருந்து குளிரில் மூச்சு விட்டால் வருகிற மாதிரி கொஞ்சம் ஆவி, அவ்வளவுதான். டீக்கடைக்காரர் கவிழ்த்து வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அவள் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு லோடுக்குப் போனாள்.

செய்தி மில்லுக்குப் போகாமல் இருக்குமா? கொழுந்தன் வந்தான். "நான் ஒரு தடவை பாக்கட்டா அண்ணி?" என்று ஆசையாகக் கேட்டு, ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் அடித்தான். லாரி ஓட்டத் தெரியாதவன் கையிலும் அது உடனே கிளம்பிற்று. அவன் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! இனிமே யார் வேணாலும் கிளப்பலாம் போலிருக்கே!" என்றான். அவளும் பெருமையாகத் தலையாட்டினாள். அந்த வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

சில நாள் கழித்து, லோடு இறக்கிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியபோது புரிந்தது. கொழுந்தன் அறையில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். கணவன் கட்டிலில் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்," என்றான் கொழுந்தன். "நாளையிலேர்ந்து நீங்க இந்தக் குளிர்ல எந்திரிச்சுக் கஷ்டப்பட வேணாம். நல்ல டிரைவர் ஒருத்தர் பார்த்துட்டேன். அனுபவஸ்தர். இத்தனை நாள் வேற வழியில்லாம உங்களைச் சிரமப்படுத்திட்டோம். இனிமே நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

"நான் சிரமம்னு எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க நல்ல மனசு அப்படி." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "அண்ணன்கிட்டயும் பேசிட்டேன். அண்ணன் சரின்னுட்டார்."

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். தொப்பியைக் கழற்றவில்லை.

"சரின்னீங்களா?"

"அவன் கேட்டான். பாதி அவனோடதுதானே. எனக்கும் உன்னை இந்தக் குளிர்ல..."

"என்கிட்ட கேட்டீங்களா?"

அவர் நூலைப் பிரிப்பதை நிறுத்தினார். அவளுக்குக் கொழுந்தன் மேல் வந்ததை விடப் பல மடங்கு கோபம் இவர் மேல் வந்தது. அவன் யார், வெளியாள். அவன் பேசுவான். இவர் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்து, இவரைத் திருப்பிப் படுக்கவைத்து, இவர் ஓட்டிய ரோட்டிலேயே வண்டியை ஓட்டிச் சோறு போடுகிறாள். அப்படிப்பட்ட ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. அவர் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு வலித்தது. தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். அவருக்குப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் ஷெட்டுக்குப் போனாள்.

மேஸ்திரி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, துணியில் கையைத் துடைத்து, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுக்கு ஏன் தங்கச்சி மனசை விடறே? பம்பு நட்டைத் தளர்த்தி ஒரு நூல் பின்னுக்குத் தள்ளு, போதும். பழையபடி ஆயிடும். அனுபவஸ்தர் காலைல பேட்டரி சாகற வரைக்கும் அடிப்பார். உன் கொழுந்தன் மூக்கால அழுதுட்டு உன் வாசல்ல வந்து நிப்பான். 'அண்ணி, நீங்கதான் வரணும்'னு கெஞ்சுவான். நான் வாயே திறக்க மாட்டேன்."

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அவரால் செய்ய முடிந்தது அது. அவள் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கொழுந்தன் பனியில் நின்று கெஞ்சுகிற காட்சி கண் முன்னால் வந்தது, இனித்தது. நட்டைத் தளர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கெட்ட டைமிங்தான் அவளை ஒரு வருஷத்துக்கு மேல் அந்த சீட்டில் உட்காரவைத்திருந்தது. தன் கையாலேயே அதைத் தொலைத்துவிட்டாள். தன் கையாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"வேணாம்ணே. வண்டி சீக்கா இருந்த வரைக்கும் என்னை அதுக்கு நர்ஸா வெச்சிருந்தாங்க. குணமானதும் நர்ஸை அனுப்பறாங்க. இப்ப நான் திரும்ப அதைச் சீக்காக்கினா, நான் நர்ஸுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் டிரைவர்ண்ணே. நல்லா ஓடற வண்டிக்கும் டிரைவர்தான்."

"அப்ப என்னதான் செய்யப் போறே?"

"உக்காரப் போறேன்," என்றாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். படியில் இருந்த பனியைச் சுரண்டினாள். ஏறி, குமிழை இழுத்து, வண்டியைக் கிளப்பி, ஐடிலில் விட்டாள். அவசரமே படவில்லை. எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும், தண்ணீர் சூடாகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டாண்டில் விஷயம் பரவியிருந்தது. டீ குடிக்கிறவர்கள் வழக்கத்தை விட மெதுவாகக் குடித்தார்கள். மேஸ்திரி ஷெட் வாசலில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் புது டிரைவரோடு வந்தான். நரைத்த மீசை, தோளில் பை, கையில் மடித்த கம்பளி. அவர் வண்டியையும் அவளையும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பரவாயில்லையே அண்ணி, நீங்களே சூடு பண்ணி வெச்சுட்டீங்க," என்றான் கொழுந்தன். "இறங்குங்க, அவர் ஏறட்டும்."

"ஏறட்டுமே. யார் வேணாம்னா?" அவள் கையை நீட்டி, மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "வண்டியில பாதி உன்னோடது, பாதி உங்க அண்ணனோடது. ஸ்டியரிங் இருக்கற பாதியில நான் உக்காந்திருக்கேன். உன் பாதி அந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. நான் எவ்வளவோ வருஷம் உக்காந்த இடம், சொகமா இருக்கும். ஜன்னல் கண்ணாடி மட்டும் சரியா ஏறாது."

டீக்கடைப் பக்கம் ஒருவருக்குப் புரையேறியது.

"விளையாடாதீங்க அண்ணி. நாலு பேர் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அதுக்குத்தானே உசரமான சீட்டு."

அவனுக்கு முகம் சிவந்தது. முதல் தடவையாக மரியாதையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினான். "வேற யாராலயும் கிளப்ப முடியலைன்னுதான் உங்ககிட்ட கொடுத்தோம். இப்ப யார் வேணாலும் கிளப்பலாம். அப்புறம் நீங்க எதுக்கு?"

இன்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள்.

"கேட்டே பாரு, அதுதான் கேள்வி. யார் வேணாலும் கிளப்பலாம்னு ஆக்கினது யாரு? நானும் மேஸ்திரி அண்ணனும். நேத்து சாயங்காலம் இந்தக் கையில ஸ்பேனர் இருந்தது. ஒரு நட்டைத் திருப்பியிருந்தா இப்ப நீ புகைக்குள்ள நின்னு என்னைக் கெஞ்சிட்டிருப்பே. திருப்பல. உனக்குப் பயந்து இல்ல, உன் மேல இரக்கப்பட்டும் இல்ல. கெட்டுப்போன வண்டின்னா எனக்கு, நல்ல வண்டின்னா இன்னொருத்தருக்குங்கற கணக்கு எனக்கு ஒத்து வரல. இது நல்ல வண்டி. இதை நான்தான் ஓட்டுவேன். இறக்கணும்னா மேல ஏறி வந்து இறக்கு."

கொழுந்தன் ஏறவில்லை. படியைப் பார்த்தான், புது டிரைவரைப் பார்த்தான். "நீங்க ஏறுங்க," என்றான் அவரிடம், கொஞ்சம் கெஞ்சலாக.

அவர் கம்பளியைப் பைக்குள் திணித்து, பட்டனைப் போட்டார். "டிரைவர் இல்லாத வண்டின்னு சொல்லித்தானே தம்பி என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. இதுல டிரைவர் இருக்காங்களே." அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.

கொழுந்தனுக்கு இன்னும் ஒரு இடம் மிச்சம் இருந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினான். ஜன்னல் திறந்திருந்தது. அவள் கணவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுந்த நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகத் தானாக எழுந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணே!" என்று கத்தினான் கொழுந்தன். "நீங்க சரின்னு சொன்னீங்களா இல்லையா? நீங்களே சொல்லுங்க அண்ணே! நீங்க சொன்னா இறங்கிடுவாங்க!"

எல்லோருடைய தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. மேஸ்திரி நட்டைத் துடைப்பதை நிறுத்தினார். ஜன்னலில் நின்றவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா என்று அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கை ஆக்சிலேட்டர் குமிழை உள்ளே தள்ளினாள், கிளச்சை மிதித்தாள், கியரைப் போட்டாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.